காசு தம்பிக்கு, போட்டோ அண்ணனுக்கு!

போன வாரம் கொத்தமங்கலத்தில் ஒரே வீட்டில் இரண்டு அடுப்பில் சாப்பிட்டேன். காலையில் அண்ணன் அடுப்பு இட்லி, மத்தியானம் தம்பி அடுப்புச் சோறு. அந்தப் பக்கத்து நகரத்தார் வீடுகளில் இது வழக்கம்தான். பிள்ளைக்குக் கல்யாணம் ஆனால் அதே வீட்டுக்குள் தனி உலை வைத்துவிடுவார்கள். சண்டை என்று அர்த்தம் இல்லை.

நான் போன வீட்டில் சண்டையும் இருந்தது என்பது வேறு விஷயம்.

அண்ணன் சாத்தப்பன், தம்பி நாச்சியப்பன். சொத்துப் பாகம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நிலம், நகை, பித்தளை அண்டா, தேக்கு பீரோ… எல்லாம் பாதிப் பாதி. மிஞ்சியது ஒரு பழைய வெள்ளிக் காசு. பாட்டனார் கப்பலேறிப் போன சீமையில் முதன்முதலாகச் சம்பாதித்தது. வீட்டுக்கு அதுதான் அதிர்ஷ்டம். காசைப் பாதியாக வெட்ட முடியுமா? சாமி படத்துக்கு முன்னால் சீட்டுப் போட்டுப் பார்த்தார்கள். காசு தம்பிக்கு விழுந்தது. அண்ணனுக்கு? அதன் போட்டோ!

சமரசம் பேச வந்த பங்காளிகள் கண்டுபிடித்த வழி இது. அண்ணன் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"படத்துல காசு காசா இருக்கணும். இல்லேன்னா பத்திரத்துல கையெழுத்துப் போட மாட்டேன்."

தம்பிக்கோ மலாய் நாட்டில் கடை காத்துக் கிடக்கிறது. அண்ணன் கையெழுத்து விழாமல் அவர் கப்பல் ஏற முடியாது. ஆக, ஒரு குடும்பமே போட்டோக்காரனைத் தேடிப் புறப்பட்டது.

அப்போது நான் காரைக்குடி ரயிலடியில் காமிராப் பெட்டியைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தேன். முந்தின நாளிலிருந்து வயிற்றில் டீ மட்டும்தான். காசைப் படம் எடுக்கத் தெரியுமா என்று கேட்டார்கள். சோறு போடுவீர்களா என்று கேட்டேன். இரண்டு கேள்விக்கும் "ஓ!" என்பதே பதில்.

உண்மையில் எனக்குத் தெரியாது. திருச்சியில் ஒரு ஸ்டூடியோவில் படம் விழும் கண்ணாடிப் பிளேட் கழுவி, மேஜைக்கு அடியில் படுத்துக் கற்றுக்கொண்ட தொழில். மாப்பிள்ளை, பெண், செத்துப்போன கிழவர் — இவர்களைத்தான் எடுத்திருக்கிறேன். காசு என்ன, அசையாமல்தானே இருக்கும்?

முதல் நாள் அண்ணன் மனைவி காசைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்தார்.

"படம் புடிக்கப் போறீகன்னாக. புளி போட்டுத் தேச்சு வச்சேன். பளபளன்னு இருக்குல்ல?"

"இருக்கு ஆச்சி" என்றேன். கல்யாணப் பெண்ணுக்கு முகம் கழுவிவிடுகிற மாதிரி காசுக்கும் கழுவிவிட்டார். பள்ளத்தில் படிந்திருந்த அழுக்கெல்லாம் போய்விட்டது. அந்த அழுக்குத்தான் எழுத்துக்கு மை என்பது எனக்கே அன்றுதான் உறைத்தது.

வெளிச்சம் நிறைய வேண்டும் என்று நடு வளவில், திறந்த முற்றத்தில், உச்சி வெயிலில் வைத்து எடுத்தேன். மாடிப்படிக்கு அடியில் ஓர் இருட்டறை. பிளேட்டை அங்கே கழுவிப் பிரதி போட்டேன். கறுப்புத் துணி மேல் வெள்ளை வட்டம். வேறு ஒன்றும் இல்லை.

சாத்தப்பன் வாங்கிப் பார்த்தார். "என்னப்பா இது, பௌர்ணமியா?"

அடுத்த நாள் காசை நிழலான தாழ்வாரத்துக்குக் கொண்டுபோனேன். பலகையில் மெழுகு வைத்து ஒட்டி நிமிர்த்தினேன். காமிராவின் மடிப்புத் தோல் துருத்தியை முழுக்க நீட்டினால் காசு அசலைவிடப் பெரிதாக விழும். ஆனால் ஃபோகஸ் ஒரு மயிரிழை பிசகினாலும் எல்லாம் கஞ்சி. தேய்ந்த காசை வைத்துக்கொண்டு எது தெளிவு, எது கலங்கல் என்று எப்படித் தெரியும்? அதன் பக்கத்திலேயே ஒரு தீப்பெட்டியை வைத்தேன். பெட்டி மேலிருந்த பொடி எழுத்து கூர்மையாகத் தெரிகிற வரை லென்ஸை நகர்த்தினேன். பிறகு தீப்பெட்டியை எடுத்துவிட்டு, லென்ஸ் மூடியைத் திறந்து, மூச்சைப் பிடித்து எண்ண ஆரம்பித்தேன்.

தொம்!… தொம்!…

பின்கட்டில் தம்பி மனைவி உலக்கை போட்டுக்கொண்டிருந்தார். தரை, பலகை, காமிரா எல்லாம் கூடவே குதித்தன.

"ஆச்சி, கொஞ்சம் நிறுத்துங்களேன்!"

"ஒங்களுக்குத்தான் இடிக்கேன். சாயங்காலம் அதிரசம் வேணாமா?"

வேண்டாம் என்று சொல்கிற நிலையிலா நான் இருந்தேன்?

பிரதியில் காசு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாக இருந்தது. சகோதரர்கள் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை; எல்லாம் என் வழியாகத்தான். நாச்சியப்பன் சொன்னார்: "ஒண்ணு ரெண்டாயிருச்சே! ஆளுக்கு ஒண்ணா எடுத்துக்கிருவோமான்னு அவுகள்ட்டக் கேளுங்க."

"சிரிக்கிறவுகளுக்குக் கப்பல் நிக்காதுன்னு நீ சொல்லுப்பா" என்றார் சாத்தப்பன்.

தம்பியின் சிரிப்பு அணைந்துவிட்டது.

மாலையில் வண்டிப்பாதையில் நடந்தேன். உழுத நிலத்தைச் சாய்வெயிலில் பார்த்திருக்கிறீர்களா? உச்சிப்பொழுதில் சப்பட்டையாகக் கிடப்பது, அப்போது வரிவரியாக எழுந்து நிற்கும். வெயில் பக்கவாட்டில் படுகிறது. ஒவ்வொரு மண்மேட்டுக்கும் ஒரு நிழல்… அட!

மறுநாள் காசை ஓர் உள்ளறைக்குக் கொண்டுபோனேன். கதவை ஒரு சாண் மட்டும் திறந்தேன். அப்படியும் முட்டைவெள்ளை சேர்த்து இழைத்த சுவர்கள் நான்கு பக்கமும் கண்ணாடிபோல் வெளிச்சத்தைத் திருப்பி அடித்தன. என் கறுப்புக் கம்பளியைச் சுவரில் தொங்கவிட்டேன். உலக்கைக்கு ஒரு மணி நேரம் விடுமுறை கேட்டு வாங்கினேன். வெளிச்சம் ஒரு பக்கமாகத் தாழ வந்து காசை உரசிக்கொண்டு போயிற்று.

காமிராவின் பின்கண்ணாடியில் பார்த்தேன். தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு ஒரு யானை நின்றது.

அந்தக் குடும்பத்தில் அதுவரை யாரும் அந்த யானையைப் பார்த்ததில்லை. பசு என்றவர் உண்டு, கப்பல் என்றவரும் உண்டு. பிரதியைக் கையில் வாங்கிய சாத்தப்பன் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அப்புறம், "பேனாவைக் கொண்டா" என்றார்.

நாச்சியப்பன் எட்டிப் பார்த்தார். காசைக் கண்ணருகே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பல நாள் கழித்து முதல் தடவையாக அண்ணனிடம் நேராகவே பேசினார்.

"அண்ணே, யானை ஒங்ககிட்டயில்ல இருக்கு. எங்கிட்ட வெறும் மேடுதான் இருக்கு. மாத்திக்கிருவோம்!"

"சீட்டு விழுந்தது விழுந்ததுதான்டா."

நான் நடுவில் புகுந்தேன். "எதற்குத் தகராறு? பிளேட் இருக்கிறது. எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டுத் தருகிறேன்."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "அப்ப அந்தக் கண்ணாடி யாருக்கு?"

நான் புறப்படும்போது கண்ணாடிப் பிளேட்டுக்குச் சீட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக் காசு பலகையில் மெழுகோடு கிடந்தது, கேட்பாரில்லை.

வீட்டில் காசைப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு என் யோசனை: வெளிச்சம் ஒரு பக்கமாக வரட்டும், தீப்பெட்டியை வைத்து ஃபோகஸ் பாருங்கள், புளியைக் குழம்போடு நிறுத்துங்கள். பாகம் பிரிக்கிற வீடாக இருந்தால் மட்டும்… கொஞ்சம் மங்கலாகவே எடுத்துக் கொடுத்துவிடுங்கள்!