பிசிர் எடுத்த கையும் மூன்றாவது கியரும்

பத்தொன்பது வருஷமாக நான் பார்க்கிற வேலை பிசிர் எடுப்பது. மண்ணூர்பேட்டையில் ஒரு சின்ன யூனிட். லேத்திலிருந்து இறங்கி வரும் உருப்படிகளின் ஓரத்தில் மயிரிழை அளவுக்கு இரும்பு நீட்டிக்கொண்டிருக்கும். அதை அரத்தாலும் எமரி தாளாலும் தேய்த்து, விரலை ஓட்டினால் வழுக்கிக்கொண்டு போகும்படி ஆக்கிவிட்டுத்தான் பெட்டியில் போடுவேன். கூர் ஓரம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. வீட்டுக்குப் புதுத் தட்டு வாங்கினால்கூட முதலில் விளிம்பைத்தான் தடவிப் பார்ப்பேன். இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். இந்தப் பெருமைதான் எங்களைப் படாத பாடு படுத்தியது.

என் வீட்டுக்காரர் ஃபிட்டர். எந்த இயந்திரத்தையும் பிரித்துப் போட்டு, திரும்பக் கட்டிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் மாட்டி நடக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் கிளட்ச் மிதிக்க முடியாது. காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்று, "யாராச்சும் கொண்டு போய் விடுங்கப்பா" என்று தெருவில் போகிறவர்களைக் கேட்பார். அதைக் கேட்க எனக்குப் பொறுக்காது. அதனால்தான் கிளட்ச் இல்லாத, தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் பழைய ஆட்டோமேட்டிக் கார் ஒன்றைத் தேடிப்பிடித்து வாங்கினோம். கார் வந்ததும் அந்தக் குரல் நின்றது.

ஆடி மாதம் அந்தக் காரின் கியர்பாக்ஸ் கியரைப் பிடிக்காமல் வழுக்க ஆரம்பித்தது. ஒர்க்‌ஷாப்பில் காட்டினால், காரின் விலையைவிட இதற்குச் செலவு அதிகம், தூக்கிப் போடுங்கள் என்றார்கள். அதே நேரம் அவருடைய கம்பெனி அம்பத்தூரிலிருந்து குத்தம்பாக்கம் பக்கம் இடம் மாறியது. இரண்டு வாரம் கழித்து வரும் திங்கட்கிழமையிலிருந்து அங்கே வர வேண்டும், முடியாதவர்கள் சொல்லிவிடலாம் என்று அறிவித்துவிட்டார்கள். கொரட்டூரிலிருந்து அந்தக் காலோடு பஸ் மாறி மாறி அவர் எப்படிப் போவார்? "நானே பிரிக்கிறேன்" என்றார். லீவு போட்டார். பளு தூக்கும் சங்கிலி பிளாக் வாடகைக்கு எடுத்து, மாடியில் குடியிருக்கும் அவருடைய அண்ணனையும் கூப்பிட்டு, கியர்பாக்ஸை இறக்கி வாசலில் பலகை மேல் வைத்தோம்.

கியரைக் கவ்விப் பிடிக்கும் தட்டுகளில் தேய்ந்தவற்றையும் எண்ணெய் சீல்களையும் அவர் மாற்றினார். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுத்தது நான். பத்து நாள் பாடுபட்டு, புதன்கிழமை காலை ஏரிக்கரைப் பக்கம் வண்டியை ஓட்டிப் பார்த்தோம். ரிவர்ஸ் விழுந்தது. முதல் கியர், இரண்டாவது கியர், வெண்ணெய் மாதிரி. மூன்றாவது வர வேண்டிய இடத்தில் என்ஜின் வீறிட்டுக் கத்தியது, வண்டி வேகம் எடுக்கவில்லை.

"இன்னாடா, ஏரோப்ளேன் கணக்கா கத்துது?" என்றார் பின் சீட்டிலிருந்த அண்ணன்.

இவர் வண்டியைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து இறங்கியதும் என்னிடம் மட்டும் சொன்னார். "காலு பூட்ச்சு. இப்ப கையும் பூட்ச்சுமே. எங்கயோ தப்பா கட்டிக்கீறேன்."

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. "கை பூட்ச்சா? வாயக் கழுவுயா! மொதல்ல எங்க தப்புன்னு பாரு, அப்புறம் ஒப்பாரி வெக்கலாம்" என்று கத்தினேன்.

பார்த்தோம். என்ஜினை ஓடவிட்டு, எண்ணெய் சூடான பிறகு அளவு பார்த்தோம். சரியாக இருந்தது. ஆக்சிலரேட்டரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளை இழுத்துப் பார்த்தோம். அதுவும் சரி. வெள்ளிக்கிழமை வண்டிக்கு அடியில் படுத்து, கியர்பாக்ஸின் வயிற்றிலிருக்கும் வால்வு பாடியைக் கழற்றினார். மூன்றாவது கியருக்கு எண்ணெய் போகும் ஓட்டையில் கம்ப்ரஸரை வைத்துக் காற்று அடித்தார். உள்ளே 'தொப்' என்று சத்தம். தட்டுகள் கவ்விக்கொண்டன.

"கவ்வுதுயா! நீ கட்டினது கவ்வுது!" என்றேன்.

"கவ்வுது. ஆனா வண்டி ஓடும்போது எண்ணெ அங்க போய்ச் சேரல. ஏன்னு தெரியலயே" என்றார். முகத்தில் வெளிச்சமே இல்லை.

அன்று சாயந்திரம் அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "போதும்டா. நாயித்துக்கெழம நாலு மணிக்கு காயலாங்கடக்காரன வரச் சொல்லிக்கீறேன். எடைக்குப் போட்டுட்டு நிம்மதியா வேற வேல பாரு."

"மாமா, அந்தக் கடக்காரர் வந்தா உங்க ஸ்கூட்டரக் குடுத்து அனுப்புங்க. எங்க வண்டி மேல யாராச்சும் கைய வெச்சா நான் மனுஷியா இருக்க மாட்டேன்" என்றேன். அண்ணன் படியேறிப் போய்விட்டார். பேசியது அதிகம்தான். வருத்தமில்லை.

சனிக்கிழமை காலை நானே வால்வு பாடியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அது ஒரு அலுமினியப் பலகை. உள்ளே எறும்புப் புற்று மாதிரி வழிகள். அந்த வழிகளில் விரல் அளவு உருளை வால்வுகள் முன்னும் பின்னும் நகர்ந்து, எண்ணெயை எந்தக் கியருக்கு அனுப்புவது என்று முடிவு செய்யும். பலகையைச் சாய்த்தால் ஒவ்வொரு வால்வும் தன் கனத்திலேயே வழுக்கி இறங்க வேண்டும் என்று அவர் சொல்லியிருந்தார். ஸ்பிரிங்குகளை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகச் சாய்த்தேன். இறங்கியது, இறங்கியது, இறங்கியது. ஒன்று மட்டும் பாதியில் நின்றுகொண்டது. இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றுகிற வால்வு.

வெளியே எடுத்து, பழக்கதோஷத்தில் விளிம்பில் விரலை ஓட்டினேன். வழுக்கிக்கொண்டு போனது. மற்ற வால்வுகளை எடுத்துத் தடவினேன். எல்லாம் பிளேடு மாதிரி கூர்.

ஐயோ என்று ஆகிவிட்டது. என் ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர் அப்படியே இருந்தது. கழுவிய அன்று இந்த வால்வுதான் என் விரலைக் கிழித்தது. 'இவ்ளோ கூரா எவன் விட்டான்' என்று திட்டி, எமரி தாளை எடுத்து அதன் ஓரத்தை வழவழவென்று தேய்த்து வைத்தவள் நான்தான். யாரிடமும் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷப் பழக்கத்துக்கு யாரைக் கேட்பது?

சொல்லாமலே வேறு வால்வு வாங்கி மாட்டிவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. உள்ளே போய், கட்டிலில் உட்கார்ந்திருந்தவர் கையில் அதை வைத்தேன்.

"நான்தான்யா தேச்சேன். கைய அறுத்துச்சுன்னு தேச்சுட்டேன். ஒன் மேல தப்பே இல்ல."

அவர் விளிம்பைத் தடவினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன்.

"அந்தக் கூருதான்மே உள்ள வர்ற தூசிய வழிச்சுத் தள்ளும். ஓரம் மழுங்கிட்டா தூசி சந்துல பூந்து, வால்வு சிக்கிக்கும்" என்றார் மெதுவாக. பிறகு நிமிர்ந்தார். "அப்போ... நான் கட்னது கரீட்டா கீதா?"

"கரீட்டாத்தான் கீது!"

மனுஷன் சிரித்தார் பாருங்கள், விபத்துக்குப் பிறகு நான் அப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை. "அடிப்பாவி! மூணு நாளா என்னையே திட்டிகினு கீறேன்டி!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தப்பு செய்ததற்காக என் வாழ்க்கையில் நான் சந்தோஷப்பட்டது அன்றைக்கு மட்டும்தான்.

மத்தியானமே ஆட்டோ பிடித்து, பழைய வண்டி பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனோம். கடை கடையாக ஏறி இறங்கி, அதே மாதிரி கியர்பாக்ஸைப் பிரித்துப் போட்டிருந்த ஒரு கடையில் அதே வால்வு கிடைத்தது. மைக்ரோமீட்டரில் அளந்தார். வீட்டுக்கு வந்து பலகையில் அந்த வால்வு ஓடும் வழியை நன்றாகக் கழுவி, உள்ளே விட்டுச் சாய்த்தார். சறுக்கி இறங்கியது. "தொடாத. நீ மட்டும் தொடாத" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். அந்தக் கூர் ஓரத்தைப் பார்க்கப் பார்க்க விரல் துறுதுறுத்தது. கட்டிய கையை அவிழ்க்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகவில்லை. கர்த்தர் புரிந்துகொள்வார். மூன்று மணிக்கு எல்லாம் பூட்டி, எண்ணெய் ஊற்றி, ஏரிக்கரைச் சாலைக்கு வண்டியை எடுத்தோம். சாலை தொடங்கும் இடத்தில் நிறுத்தினார்.

"நீ எறங்கு. நான் தனியா போறேன்."

முதலில் சுருக்கென்றது. இறங்கினேன். கார் நகர்ந்தது. எனக்குக் கண்ணில் வேறொன்றும் படவில்லை, காதை மட்டும் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒன்று. சத்தம் ஏறி, இறங்கியது. இரண்டு. மறுபடி ஏறியது, ஏறியது, இன்னும் ஏறியது, கத்தப் போகிறது என்று மூச்சைப் பிடித்தேன். சட்டென்று இறங்கி அடங்கியது. கார் அமைதியாக வேகம் எடுத்துப் போய்க்கொண்டிருந்தது.

"மூணு வுழுந்துச்சு!" என்று நடுரோட்டில் கத்தினேன். சைக்கிளில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும். அழுகையும் வந்தது, அதையும் துடைக்கவில்லை. மணி நான்கு ஆகப்போகிறது, காயலாங்கடைக்காரருக்கு அண்ணனே பதில் சொல்லிக்கொள்ளட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பி வந்து என் பக்கத்தில் நிறுத்தினார். உள்ளிருந்தே எட்டி, இந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்.

"ஏறுமே. எங்க போவணும் சொல்லு, கொண்டு போய் விடறேன்."

"குத்தம்பாக்கத்துல, ஒன் கம்பெனி வாசல்ல விடு" என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.