பத்து வருசத்தை நாங்கள் குறைத்த விதம்

என் அண்ணை கொக்குவிலில் கலியாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். சண்டையால் ஊரில் மின்சாரம் நின்ற இரண்டாம் வருசம் அவருக்கு மாப்பிள்ளை பொம்பிளை முகங்கள்மேல் ஒரு வெறுப்பு வந்துவிட்டது. தாலி கட்டுகிற கையை எத்தனை தரம்தான் கிட்டவாக எடுப்பது என்று சலித்துக்கொண்டார். ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில், தான் ஒரு விஞ்ஞானப் படம் எடுக்கப்போவதாக அறிவித்தார். இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ என்று அம்மா கேட்டா.

கதை சின்னது. தபால் கந்தோர் கிளாக்கர் ஒருவர் தன் வீட்டு அறைக் கதவைத் திறக்கிறார். பத்து வருசத்துக்குப் பிறகு அந்த அறை எப்படியிருக்கும் என்பது ஒரு நிமிசம் தெரிகிறது. மூடித் திறந்தால் பழைய அறை. ரொக்கெற்றும் இல்லை, வேற்றுக்கிரகத்து ஆக்களும் இல்லை. எங்களிடம் இருந்த சாமான்களுக்கு அவ்வளவுதான் கட்டுப்படியாகும். கிளாக்கராக நடித்தவர் எங்கள் ஒழுங்கையில் இருந்த இளைப்பாறிய பௌதிக வாத்தியார். விஞ்ஞான ஆலோசகரும் அவரே. மகளாக நான். ஏ.எல். சோதனை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குக் காத்திருந்த எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.

விஞ்ஞானப் படம் என்றாலும் நல்ல நேரத்தில் தொடங்கவேண்டும் என்று வாத்தியார் ஒற்றைக்காலில் நின்றார். ராகுகாலம் கழியும்வரை எதிர்காலம் எங்கள் படலையடியில் காத்து நின்றது.

அந்த எதிர்காலத்தில் எதைக் காட்டுவது என்பதில்தான் பெரிய இழுபறி. வாத்தியார் பறக்கிற கார் கேட்டார். ஊரில் ஓடுகிற கார்களே மண்ணெண்ணெயில் இருமிக்கொண்டு ஓடிய காலம் அது. கடைசியில் ஒரு பல்பும் முகட்டில் சுழல்கிற ஒரு பானும் போதும் என்று அண்ணை முடிவு கட்டினார். பட்டப்பகலில் பல்ப் எரியும். மகள் பானுக்குக் கீழே இருந்து பேப்பர் வாசிப்பாள்.

ஜெனரேற்றர் சத்தம் எதிர்காலத்தில் கேட்கக்கூடாது என்று அதை இரண்டு வளவு தள்ளி வைத்து வயர் இழுத்தோம். பான் சுழன்றது. ஒரு வருசத்துக்கு மேலாகப் படாத அந்தக் காற்று முகத்தில் பட்டதும் பேப்பரை மடியில் விட்டுவிட்டுக் கண்ணை மூடினேன். அண்ணை எடுத்து முடித்து, எழும்பச் சொன்னார். நான் எழும்பவில்லை. வாத்தியாரும் ஒரு கதிரையை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். மண்ணெண்ணெய் தீரும்வரை மூன்று பேரும் பத்து வருசத்துக்குப் பிறகுதான் இருந்தோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பக்கத்து வீட்டு ஜன்னல்களுக்குப் போர்வை கட்டிப் படத்தைக் காட்டினோம். பல்ப் எரிந்ததும் சனம் கைதட்டியது. ஆனால் கிளாக்கர் 'பத்து வருசம்' என்று சொன்ன இடத்தில் முணுமுணுப்புக் கேட்டது. படம் முடிய, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் அண்ணையைக் கூப்பிட்டார்.

"தம்பி, பத்து வருசம் எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. கதைதானே."

"கதையெண்டால் கொஞ்சம் கிட்டவா வைக்கலாமே."

சுற்றி நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள். தைப்பொங்கலோடு கரண்ட் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்கிற சனத்துக்குப் பத்து வருசம் என்பது அபசகுனம். அண்ணை, வாத்தியாரின் குரலை மட்டும் திரும்பப் பதிந்து ஐந்து ஆக்கினார். பண்டத்தரிப்பில் காட்டியபோது ஐந்தும் அதிகம் என்றார்கள். இரண்டாக்கினார். கோப்பாயில் ஒரு கலியாண வீட்டில் காட்டக் கேட்டவர்கள், மங்கள காரியம், 'அடுத்த மாதம்' என்று போட்டால் நல்லது என்றார்கள். அன்றைக்கு வாத்தியார் ஆலோசகர் பதவியைத் துறந்தார். அடுத்த மாதத்தைப் பார்க்கிறதுக்கு விஞ்ஞானம் எதற்கு, கலண்டர் போதும் என்றார். என்றாலும் குரல் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

'அடுத்த மாதம்' படம்தான் நன்றாக ஓடியது. ஒரு வருசத்துக்கும் மேலாக, ஒரு சொல்லும் மாற்றாமல்.

தொண்ணூற்றைந்தில் சண்டை கிட்ட வர, ஊர் முழுக்க வெளிக்கிட்டபோது அண்ணை கமராவைச் சைக்கிள் கரியரில் கட்டினார். கசற்றுகளுக்கு இடமில்லை. மழையில் நாவற்குழிப் பாலம் கடந்து, தென்மராட்சிப் பள்ளிக்கூடமொன்றின் வகுப்பறையில் வேறு மூன்று குடும்பங்களோடு இருந்தோம். ஒருநாள் ஈர உடுப்புகளை மேசைகளில் விரித்துக்கொண்டு அவரிடம் கேட்டேன், கிளாக்கர் அந்தக் கதவைத் திறக்கையில் நாங்கள் இப்படி ஊர்விட்டு வந்ததைக் காட்டலாம் என்று நினைக்கவே இல்லையோ என்று.

"முதல் நினைச்சது அதைத்தான். வெறும் அறை, ஒருத்தரும் இல்லை. எடுக்கிறதும் லேசு," என்றார். "ஆனால் ஆர் பாக்க வருவினம்?"

நிவாரணப் பாண் வந்திருக்கிறது என்று யாரோ வாசலில் நின்று சொல்ல, அண்ணை மேசையில் காயாமல் கிடந்த சேட்டைப் போட்டுக்கொண்டு கியூவுக்குப் போனார்.