இரண்டாயிரம் டாலர் கண்ணாடி

போன வருஷம் நவம்பரில், மார்லிஸ் பிரெக்கிக்கு நேர் எதிரே ஒரு ஆண் எல்க் மான் வந்து நின்றது. குதிரை மாதிரி உடம்பு, தலைக்கு மேல் காய்ந்த மரத்தைப் பிடுங்கி வைத்ததுபோல் கொம்பு. நூறு கெஜம்கூட இருக்காது. பனியும் மழையும் கலந்து அடித்துக்கொண்டிருந்தது. துப்பாக்கியைத் தோளுக்கு ஏற்றி, அதன்மேல் பொருத்தியிருந்த, குறிபார்க்கும் ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள். உள்ளே பாலை ஊற்றினாற்போல் வெறும் வெள்ளை. சட்டைக் கையால் துடைத்தாள், ஊதினாள், உள்ளங்கையால் தட்டினாள். ஆவி படிந்திருந்தது கண்ணாடிக்கு உள்பக்கம். அவள் என்ன செய்தாலும் போகாது. எல்க் இரண்டு வாய் புல்லைக் கடித்துவிட்டு, அவசரமே இல்லாமல் மரங்களுக்குள் போய் மறைந்தது.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டில் கடைக்கறிதான். ஃப்ரீசரைத் திறக்கும்போதெல்லாம் அவளுக்கு அந்த வெள்ளை ஞாபகம் வந்தது.

மார்லிஸுக்கு ஐம்பத்து நாலு வயது. டர்லிங் கிரீக் ஊரில் பள்ளிக்கூட பஸ்ஸை ஓட்டுபவள். கணவன் டுவேன் மரம் ஏற்றும் லாரியிலிருந்து விழுந்து முதுகை ஒடித்துக்கொண்ட பிறகு, அவனால் மலை ஏற முடியவில்லை. வீட்டுக்குக் கறி கொண்டுவரும் வேலை இவள் தலையில் விழுந்தது. ஒரு எல்க் விழுந்தால் அடுத்த கோடை வரைக்கும் கவலை இல்லை. அவளுக்கு வேட்டையில் பெரிய ஆசை என்று சொல்ல முடியாது. ஆனால் மலைக்குப் போய்விட்டால், பின்னால் நாற்பது பிள்ளைகள் கத்தாத இடத்தில் கொஞ்ச நேரம் உட்காரலாம். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

இந்த வருஷம் ஸ்கோப்பை மாற்றியே ஆகவேண்டும் என்று முடிவு செய்து வெர்னன் கடைக்குப் போனாள். துப்பாக்கி, தூண்டில், பூட்ஸ் எல்லாம் விற்கும் பழைய கடை. வெர்னனும் பழைய ஆள்தான்.

"எந்த விலைல பாக்கணும், மார்லிஸ்?"

"உள்ள ஆவி பிடிக்காத விலைல."

வெர்னன் மூன்றை எடுத்து வைத்தார். ஒன்று நானூறு டாலர், ஒன்று எண்ணூறு, ஒன்று இரண்டாயிரம். வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய், தெரு முனையில் இருந்த தீவனக் கடைப் பலகையைப் பார்க்கச் சொன்னார். மூன்றிலும் எழுத்து எழுத்தாகத் தெரிந்தது.

"எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு?"

"மத்தியான வெயில்ல எல்லாக் கண்ணாடியும் நல்ல கண்ணாடிதான். பொழுது சாயற நேரத்துக்கு வா, வித்தியாசம் தெரியும்."

"பொழுது சாயற நேரத்துல நான் பஸ்ஸுல பிள்ளைங்களோட மல்லு கட்டிட்டு இருப்பேன்."

"அப்ப நானூறு போதும். என் துப்பாக்கில அதுதான் இருக்கு. ஆனா கடைக்காரன் மலிவா சொன்னா யாரு கேக்கறீங்க?"

யாரும் கேட்கத்தான் இல்லை. ஏனென்றால் அவள் தம்பி லைல் விடவில்லை. லைல் வீட்டுக் கூரை போடும் காண்ட்ராக்டர். எந்த வேலைக்கும் எந்தச் சாமான் நல்லது என்று கேட்காமலே சொல்லுகிற ஆள். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்த இடத்தில், உருளைக்கிழங்கை வாயில் வைத்துக்கொண்டே ஆரம்பித்தான்.

"நானூறு டாலருக்கு ஸ்கோப்பா? அதுக்கு ஒரு பேப்பரச் சுருட்டி அதுல பாரேன். துப்பாக்கிக்குக் குடுக்கறதவிட ரெண்டு மடங்கு ஸ்கோப்புக்குக் குடுக்கணும். கண்ணு தெரியாதவ கையில துப்பாக்கி எதுக்கு?"

"உன்னோடது ரெண்டாயிரம். போன வருஷம் நீயும் சும்மாதானே வந்தே?"

"எல்க்கே வரலியே! வந்திருந்தா பாத்திருப்ப."

டுவேன் நாற்காலியில் முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். "வாங்கித் தொலையேன், மார்லிஸ். ஒரு வருஷமா அந்த எல்க்கப் பத்தியே புலம்பற. கேட்டுக் கேட்டு என் முதுகு இன்னும் வலிக்குது. சமையக்கட்டு ஜன்னலுக்குச் சேத்த காசுதானே, ஜன்னல அப்பறம் மாத்திக்கலாம்."

வாங்கினாள். லைல் வைத்திருந்த அதே கம்பெனி, அதே மாடல். வெர்னன் பில் போடும்போது எதுவும் சொல்லவில்லை. பேசாமல் இருந்தது அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த ஸ்கோப்பின் தலையில் ஒரு குமிழ் இருந்தது. இலக்கு எவ்வளவு தூரமோ அதற்கேற்றபடி திருகிவிட்டால், குறுக்குக்கோட்டை நேராக இலக்கிலேயே வைத்துச் சுடலாம். குண்டு போகப்போகத் தாழ்வதைக் கணக்குப் போட வேண்டியதில்லை. சரளைக்கல் குவாரியில் வைத்து லைல் கற்றுக்கொடுத்தான். கிளிக், கிளிக் என்று திருகினான். நானூறு கெஜத்துக்கு அப்பால் தொங்கவிட்டிருந்த இரும்புத் தட்டு, அவள் சுட்டதும் டங்கென்று அடித்தது. மறுபடி சுட்டாள், மறுபடி டங். அவளை அறியாமலே சிரித்துவிட்டாள்.

"இனி மலையே உன்னோடதுதான்," என்றான் லைல்.

வேட்டைக் காலம் தொடங்கி முதல் இரண்டு வாரமும் காற்று. மூன்றாம் சனிக்கிழமை காலையில், பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கச் சரிவில் ஒரு கூட்டம் மேய்வதைக் கண்டாள். தூரம் அளக்கும் கருவியை எடுத்துப் பார்த்தாள், நானூற்றைம்பது கெஜம். படுத்து, குமிழைத் திருகி, துப்பாக்கியைப் பைமேல் சாய்த்துக் காத்திருந்தாள். புல் ஒரு பக்கம் சாய்ந்தது, அடுத்த நொடி இன்னொரு பக்கம் சாய்ந்தது. இந்தக் காற்றில் சுட்டால் வயிற்றில் பட்டு, நாள் முழுக்க ரத்தத்தைப் பின்தொடர வேண்டிவரும். சுடவில்லை. கூட்டம் மேலேறிப் போனது. சுடாமல் இருந்ததில் அவளுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட. துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் இறங்கினாள்.

அரை மணிகூட ஆகவில்லை. சின்னப் புல்வெளி ஒன்றின் மறுகரையில் ஒரு கிடா எல்க் பக்கவாட்டில் நின்றது. இருநூறு கெஜம் இருக்கும். காற்றும் அங்கே இல்லை. மரத்தோடு சாய்ந்து, தோளுக்குப் பின்னால் குறி வைத்து, மூச்சை விட்டு, சுட்டாள். எல்க் தலையைத் தூக்கிப் பார்த்தது. மறுபடி சுட்டாள். அது ஓடிப்போனது.

ரத்தம் இருக்கிறதா என்று அந்த இடத்தை அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஒரு துளி இல்லை, ஒரு ரோமம் இல்லை. தடத்தைப் பிடித்துக்கொண்டு மலைமுகடு வரை போனாள். அடிபட்ட மிருகத்தின் நடை அது இல்லை. திரும்பி வந்தபோதுதான், எல்க் நின்ற இடத்துக்குப் பின்னால் ஒரு ஆஸ்பென் மரத்தில் பட்டை பிய்ந்திருப்பதைப் பார்த்தாள். அவள் தலைக்கும் மேலே. எப்படி அவ்வளவு மேலே போனது?

ஸ்கோப்பின் தலையைப் பார்த்தாள். குமிழ் இன்னும் நானூற்றைம்பதிலேயே இருந்தது.

வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். பஸ்ஸில் பிள்ளைகள் சொன்னால் அப்பா அம்மாவைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டிய வார்த்தைகள். திட்ட ஆள் இல்லாததால் ஆஸ்பென் மரத்தைத் திட்டினாள்.

லைலிடம் சொன்னபோது அவன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். "ஸ்கோப் நீ சொன்ன எடத்துலதான் சுட்டிருக்கு. அதுமேல என்ன குத்தம்?"

"பழசுல திருக ஒண்ணுமே இல்ல. மறக்கவும் ஒண்ணுமே இல்ல."

"சுட்டதும் குமிழத் திருப்பி வைக்கணும்னு சொன்னேனா இல்லியா?"

"சுட்டாத்தானே! நான்தான் சுடவே இல்லியே!"

அன்று மாலையே குமிழை இருநூறில் வைத்து, அதன்மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சுற்று சுற்றாகச் சுற்றினாள். லைல் அதைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டான். "புதுக் காருக்குச் சங்கிலி போட்டுக் கட்டி வெச்ச மாதிரி இருக்கு."

"உன்னோடது ஓடட்டும். என்னோடது நிக்கட்டும்."

கடைசி ஞாயிற்றுக்கிழமை வந்தது. அன்றோடு வேட்டைக் காலம் முடிகிறது. டுவேன் சாலையோரத்தில் வண்டியில் இருந்துகொண்டான். மார்லிஸ் ஒரு முகட்டின் இந்தப் பக்கம், லைல் அந்தப் பக்கம் என்று பிரிந்து ஏறினார்கள். நாள் முழுக்க ஒன்றும் இல்லை. சூரியன் இறங்கி, சுட அனுமதியுள்ள நேரம் முடியக் கொஞ்சமே இருந்தபோது, பழைய தீயில் கருகிய மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு எல்க் வெளியே வந்தது.

கண்ணுக்குக் கொம்பு தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தாள். நீளமான கொம்பு, அடியில் முகத்தை ஒட்டி முன்னால் நீண்ட கிளை. அந்தப் பகுதியில் அந்த அடிக்கிளை இருக்கும் கிடாவைத்தான் சுடலாம். அது இல்லாத வெறுங்கொம்புக் குட்டிக்கிடாவைத் தொடக்கூடாது. இதற்கு இருக்கிறது. துப்பாக்கியைக் கிளைமேல் சாய்த்து ஸ்கோப்பில் கண்ணை வைத்தாள்.

வெளியே சாம்பல் இருட்டு. ஸ்கோப்புக்குள் இன்னும் பொழுது இருந்தது. எல்க்கின் மூக்கிலிருந்து வரும் மூச்சுகூடத் தெரிந்தது. அது தலையை மெல்லத் திருப்பியது. கொம்பு நகர்ந்தது; அடிக்கிளை நகரவில்லை. அது பின்னால் நின்ற கருகிய மரத்தின் கிளை.

குட்டிக்கிடா.

விரலை விசையிலிருந்து எடுத்தாள். அழுகை வந்தது அவளுக்கு. இதற்காகவா? இரண்டாயிரம் டாலர் கொடுத்து, சுடக்கூடாது என்று தெரிந்துகொள்ளத்தானா? பழைய ஸ்கோப்பாக இருந்தால் தெரிந்தே இருக்காது. சுட்டிருப்பாள். அப்புறம் பெரிய வம்பில் மாட்டியிருப்பாள் என்பதும் தெரிந்தது. தெரிந்ததால் ஆத்திரம் குறையவில்லை. கிடா நிதானமாக முகட்டைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கியது.

சற்று நேரத்தில் அந்தப் பக்கமிருந்து ஒரு வெடிச் சத்தம் கேட்டது.

அவள் ஓடினாள் என்று சொல்ல முடியாது. அந்த வயதில், அந்தச் சரிவில் எவ்வளவு வேகமாக நடக்க முடியுமோ அவ்வளவு வேகமாக நடந்தாள். லைல் கீழே மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அந்தப் பக்கமும் கருகிய மரங்கள்தான்; அவற்றின் நடுவே அவன் முன்னால் அந்த எல்க் கிடந்தது. அவன் கை அதன் கொம்பைப் பிடித்திருந்தது, வழவழவென்று கிளையே இல்லாத கொம்பை.

"இருந்துச்சு, மார்லிஸ்," என்றான். "சத்தியமா இருந்துச்சு. நான் பாத்தேன்."

"நானும்தான் பாத்தேன். அது மரத்தோட கிளை."

"நீ பாத்தியா? எப்ப?"

"அஞ்சு நிமிஷம் முன்னாடி. தல திரும்பற வரைக்கும் பாத்துட்டே இருந்தேன்."

"என்னோடதும் அதே ஸ்கோப்தானே?" அவன் துப்பாக்கியைத் தூக்கி, சந்தேகத்தோடு ஸ்கோப்பைப் பார்த்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "இங்க யாரு இருக்கா? கறிய மட்டும் வெட்டி எடுத்துட்டு, தலைய இங்கயே விட்டுட்டா..."

"வாய மூடு, லைல்."

"உன் ஃப்ரீசரும் காலியாத்தான் கெடக்கு."

அது உண்மைதான். அந்த உண்மைதான் அவளை அதிகமாகச் சுட்டது. கறி அங்கே கிடந்தது, ஒரு குளிர்காலத்துக்குப் போதுமான கறி, இன்னும் சூடு ஆறாமல். அப்புறம் முதுகிலிருந்து பையை இறக்கிக் கத்தியை எடுத்தாள்.

"குடல எடுத்துடுவோம், கறி கெட்டுடக்கூடாது. நீ கால் புடி. முடிச்சுட்டுக் கீழ போயி நீயே வனவிலங்கு வார்டனுக்குப் போன் பண்ணு. நீ பண்ணலன்னா நான் பண்ணுவேன். என் தம்பின்னு பாக்க மாட்டேன்."

"பண்ணுவ. உன்னப் பத்தித் தெரியாதா."

சாலைக்கு இறங்கி, சிக்னல் கிடைக்கும் மேடு வரை டுவேன் வண்டியை ஓட்டினான். லைல் தானே பேசினான். வார்டன் வந்து, விசாரித்து, தானாகச் சொன்னதற்காக அபராதத்தை அதிகம் போடாமல் விட்டார். எல்க்கை, ஏழைகளுக்குச் சாப்பாடு கொடுக்கும் உணவு வங்கிக்கு என்று எழுதி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்றிவிட மார்லிஸும் கை கொடுத்தாள். பின்னங்கால் தொடை எவ்வளவு கனம் என்று கைக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் டுவேன் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டான். "அப்ப அந்த ஸ்கோப் குடுத்த காசுக்குத் தகுமா, தகாதா?"

"தெரியல. கேக்காத," என்றாள். "நல்லாத்தான் காட்டுது. அதுதான் கோவமா வருது."

லைல் ஒரு மாதத்துக்கு மேல் அவர்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் தாண்டி ஒரு சாயங்காலம் போன் செய்தான். மார்லிஸ் அடுப்பில் கோழி பொரித்துக்கொண்டிருந்தாள்.

"உன் பஸ் ஷெட்டுல யாராவது ஸ்கோப் வாங்கறாங்களான்னு கேளேன். என்னோடத வித்துடலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"சாயங்கால வெளிச்சத்துல சரியா காட்ட மாட்டேங்குது. மூவாயிரத்துக்கு ஒண்ணு வந்திருக்கு, ஜெர்மன்காரன் செஞ்சது. அதுல ஒவ்வொரு ரோமமும்..."

அவள் போனை வைத்துவிட்டு, வாணலியில் கோழித் துண்டுகளைப் புரட்டிப் போட்டாள்.

"யாரு?" என்று டுவேன் உள்ளேயிருந்து கேட்டான்.

"ராங் நம்பர்," என்றாள்.