கச்சேரிக்காரர்களுக்கு இன்சூரன்ஸ் வாங்கித் தந்த ரோஸ்லின் அக்கா

குச்சனூரில் மேடைக்குக் கீபோர்டை ஏற்றிக்கொண்டிருந்தபோது கம்பத்திலிருந்து ஜெகதீசன் அண்ணன் போனில் கூப்பிட்டார். "தம்பி, ரோஸ்லின் போயிட்டாக. காலையில எந்திரிக்கவே இல்லையாம்." அன்று கச்சேரி நடக்கவில்லை. ஊர்க்காரர்களும் வற்புறுத்தவில்லை, அவர்களில் பலருடைய கல்யாணத்தில் பாடியவர் அக்கா.

தேனி, போடி, கம்பம் பக்கம் மெல்லிசை கேட்டவர்களுக்கு அந்தக் குரலை நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. தேனிக் கடைத்தெருவில் பாத்திரக்கடை நடத்திய கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். தேவாலயத்தில் பாடிப் பழகி எங்கள் குழுவுக்கு வந்தவர். ஆனால் எங்களில் பலர் இன்று உயிரோடு நடமாடுவது அவர் பாட மறுத்ததால்தான்.

எங்கள் தபலாக்காரர் முருகேசனுக்குச் சிறுநீரகம் பழுதானபோது, சிகிச்சைக்காக ஜெயமங்கலத்தில் கச்சேரி வைத்தோம். அவர் மனைவியை மேடையில் நிறுத்திவிட்டு, கூட்டத்துக்குள் துண்டேந்திப் போனோம். சிகிச்சைக்கு வழி பிறப்பதற்குள் முருகேசன் இறந்துவிட்டார். அடக்கம் முடிந்து திரும்புகையில் அக்கா சொன்னார்: "இனிமே வைத்தியத்துக்குன்னு வசூல் பண்ற மேடையில நான் பாட மாட்டேன். அந்தப் புள்ளைய எல்லாரும் பாக்க நிக்க வச்சிட்டோமே. மில்லுல வேல பாக்குறவுகளுக்கு ஆஸ்பத்திரி கார்டு இருக்கு. நமக்கு என்ன இருக்கு?"

அடுத்த வாரமே என்னையும் கூட்டிக்கொண்டு ஒரு காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனார்.

"எங்க வேலை பாக்குறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"பாடுறேன் சார்."

"அது சரிம்மா. வேலை?"

"அதான் சார் வேலை. அதுலதான் ரெண்டு புள்ளைகளப் படிக்க வச்சேன்."

அதிகாரி சங்கடப்பட்டு நாற்காலியைக் காட்டினார். தனித்தனியாக எடுத்தால் எங்களுக்குக் கட்டுபடியாகாது, ஐம்பது பேருக்குக் குறையாமல் சங்கமாக வந்தால் குழுக் காப்பீடு கிடைக்கும், ஆனால் அது இன்சூரன்ஸுக்காக மட்டும் தொடங்கிய சங்கமாக இருக்கக் கூடாது என்று பொறுமையாக விளக்கினார்.

எங்கள் குழுவில் பன்னிரண்டு பேர்தான். மீதிப் பேருக்கு, கம்பத்தில் நாற்பது பேரோடு பெரிய குழு நடத்திய ஜெகதீசன் அண்ணனிடம்தான் போயாக வேண்டும். எங்கள் டிரம்ஸ்காரரை அவர் இழுத்துக்கொண்டதிலிருந்து இரண்டு குழுவுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அக்கா நேரே அவர் வீட்டுக்குப் போனார். "இங்கன எதுக்கு வந்தீக?" என்றார் அவர். "சண்டைய மேடையில வச்சுக்குவோம் அண்ணே. ஆஸ்பத்திரியில ரெண்டு குழுவுக்கும் தனித்தனி வார்டா தர்றாக?" என்றார் அக்கா. ஜெகதீசன் அண்ணன் மனைவியைக் கூப்பிட்டுக் காபி போடச் சொன்னார். சங்கத்தின் தலைவரும் அவரே ஆனார். வாத்தியப் பயிற்சி, கலைஞர்களுக்குள் வரும் வழக்கைப் பேசித் தீர்ப்பது என்று சங்கம் உண்மையிலேயே நடந்தது. மறு ஆண்டு காப்பீடும் கிடைத்தது.

அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே இதய வால்வில் கோளாறு. ஏற்கெனவே உள்ள நோய்க்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் பயன் கிடைக்கும் என்பது நிபந்தனை. "சொல்லாம விட்டுருங்கக்கா, யாருக்குத் தெரியப் போகுது?" என்று நாங்கள் எவ்வளவோ சொன்னோம். "நான் ஒருத்தி பொய் சொன்னா, நாளைக்கு உங்க எல்லாரையும் சந்தேகமாப் பாப்பாக" என்று உள்ளதை எழுதிக்கொடுத்தார். எங்களுக்கெல்லாம் குடை பிடித்துவிட்டு அவர் மட்டும் மழையில் நின்றார்.

அந்தக் குடைக்குள் முதலில் ஒதுங்கியவர்களில் நானும் ஒருவன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து திரும்புகையில் வேன் கவிழ்ந்து என் தொடை எலும்பு முறிந்தது. மதுரையில் ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி செல்வி கம்மலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளாம். அக்கா காப்பீட்டு அட்டையோடு வந்து அவள் கையைப் பிடித்திருக்கிறார். "கம்மல மாட்டு ஆத்தா. இது யாரும் போடுற தர்மம் இல்ல. உம் புருசன் வாசிச்சுக் கட்டுனது."

காத்திருக்க வேண்டிய ஆண்டுகளை அக்கா மாத்திரையிலும் பிடிவாதத்திலும் கடந்தார். மூச்சு வாங்கினால் மேடையில் நாற்காலி போட்டுப் பாடினார். பிறகு அதே காப்பீட்டில் அவருக்கு வால்வு மாற்றினார்கள். இரண்டு குழுவும் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். அதன் பின் அவர் பாடிய ஆண்டுகளைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்டீர்கள்.

நலம் விசாரிப்பதில் அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. "நல்லா இருக்கேன்க்கா" என்றால் விட மாட்டார். "அது எல்லாரும் சொல்றது. உடம்பச் சொல்லு" என்பார். உண்மையான பதில் வரும்வரை நகர மாட்டார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அதைத்தான். நேற்று போடியில், ஒலிபெருக்கி கட்டுகிற பெரியவர் ஒருவர் நெஞ்சைத் தடவிக்கொண்டே, "நல்லா இருக்கேன் தம்பி" என்றார். வயரைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உடம்பச் சொல்லுங்க" என்றேன்.