கொதிக்காத கார்

எழுபத்து மூன்றில் இரும்புக் கடைக்குப் போகும் வரை அந்தக் காரைப் பதினேழு வருஷம் ஓட்டியவர் ஞானராஜ். முப்பத்தெட்டாம் வருஷத்துச் சீமைக் கார் அது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரர் கப்பலேறும்போது விற்றதை அரூர் புளி மண்டி முதலாளி நஞ்சப்பன் வாங்கியிருந்தார். செவ்வாய்க்கிழமைதோறும் மஞ்சவாடிக் கணவாய் வழியாகச் சேலம் போய்வர வேண்டும். கணவாய் வருவதற்கு முன்பே ரேடியேட்டர் கொதித்துவிடும். நம் பக்கத்துக் கிணற்று உப்பு வருஷக்கணக்கில் குழாய்களுக்குள் சுண்ணாம்பாகப் படிந்து போயிருந்தது.

கணவாய்க்கு மூன்று மைல் இருக்கும்போது ரோட்டோரம் ஒரு கிணறு. நஞ்சப்பனுக்கு மச்சான் முறையான கிருஷ்ணப்பனுடையது. கார் ஆவி விட்டபடி அங்கே போய் நின்றதும் நாலு பேர் எழுந்து வருவார்கள். முதலாளிக்குச் சொம்பில் மோர் வரும். அடுத்தது காருக்கு. ஞானராஜ் மூடியைத் திறந்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொள்ள வேண்டும். கிருஷ்ணப்பன் குடத்தின் வாய் ரேடியேட்டரில் படாமல் உயரத்திலிருந்து ஊற்றுவார். ஏனென்றால் அந்த ரேடியேட்டரைத் தினமும் துடைப்பது ஞானராஜின் கை. கார் குடித்த பிறகு குடத்தில் மிச்சம் இருந்தால் ஞானராஜ் குனிந்து இரண்டு கையையும் ஏந்துவார். மேலிருந்து ஊற்றுவார்கள். மிச்சம் இல்லாத நாளில் சேலம் வரை நாக்கு வறண்டு கிடக்கும்.

முதலாளியின் உயிரை ஞானராஜ் கையில் கொடுத்துக் கணவாய் ஏறலாம், குடத்தை மட்டும் கொடுக்கக் கூடாது. தீண்டாமை குற்றம் என்று சட்டம் வந்து அறுபத்தாறில் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அது சேலம் கோர்ட்டுக் கச்சேரியில் இருந்தது, அரூர் கச்சேரியிலும் இருந்தது. நடுவழியில் எந்தக் கிணற்றடியிலும் இறங்கியதில்லை. ஞானராஜின் தாத்தா மரியாதை தேடிக் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர். மாதா கோயிலுக்குள்ளும் அவருக்குப் பக்கவாட்டில்தான் இடம் கிடைத்தது.

ஞானராஜ் இதற்கெல்லாம் பழகிப் போனவர்போல்தான் இருந்தார். அந்த வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் மனைவி லூர்து மேரி சேலம் பெரியாஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது. முதலாளி இரக்கப்பட்டு முன்சீட்டில் ஏற்றிக்கொண்டார். கிணற்றடியில் நடந்ததைக் கண்ணாடி வழியாக லூர்து மேரி பார்த்தார். சேலம் போய்த் திரும்பினார்கள். வீட்டில் அடுப்பு மூட்டிக்கொண்டிருக்கும்போது, திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"அந்தக் காராப் பொறந்திருக்கலாம் நீங்க. மொதக் கொடம் உங்களுக்கு வந்திருக்கும்."

அன்றிலிருந்து ஞானராஜுக்கு ஒரே நினைப்பு. அந்தக் கிணற்றடியில் இனிமேல் கார் நிற்கக் கூடாது.

மொரப்பூரில் லாரி ஷெட் வைத்திருந்த காளியப்பன் லடாக்கில் ராணுவ வண்டி ஓட்டித் திரும்பியவர். ஞானராஜ் போய்க் கேட்டபோது, பனியில் தண்ணீர் உறையாமலிருக்க அங்கே ஆன்டிஃப்ரீஸ் ஊற்றுவோம் என்றார். ஞானராஜுக்குச் சிரிப்பு வந்தது. நம்ம ஊரில் எது உறையப் போகுது என்று கேட்டார்.

"கேளு மொதல்ல. அது உறையறதயும் தள்ளிப் போடும், கொதிக்கறதயும் தள்ளிப் போடும். ரெண்டு ரகம் இருக்குது. ஸ்பிரிட் ரகம் வாங்கிடாத, நம்ம வெயிலுக்குப் பறந்துரும். கிளைக்கால்னு கேட்டு வாங்கு. ஆனா நாக்குல வெச்சுராத. இனிக்கும், ஆளையே கொன்னுரும்."

அடுத்த மாதம் முதலாளியோடு பெங்களூர் போனபோது, ராணுவக் கழிவுச் சாமான் விற்கும் ஒரு கடையை ஞானராஜ் தேடிப் பிடித்தார். கடைக்காரர் இரண்டு டின்களை எடுத்து வைத்தார், இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தார். ஞானராஜ் ஒவ்வொன்றிலும் ஒரு சொட்டு விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒன்று சில்லென்று காய்ந்து மறைந்தது. இன்னொன்று எண்ணெய்போல் வழவழவென்று நின்றது. நின்றதை வாங்கிக்கொண்டார். வண்டி போனால் சரி, எதையாவது ஊற்றிக்கொள் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் காரோடு உட்கார்ந்தார். ரேடியேட்டரின் அடியில் ஒரு திருகு, எஞ்சின் விலாவில் இன்னொரு திருகு. இரண்டையும் திறந்தபோது செங்கல் கரைத்த நிறத்தில் தண்ணீர் கொட்டியது. வெந்நீரில் சலவைச் சோடா கரைத்து ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு, ஆறிய பின் வடித்தார். தெளிந்த தண்ணீர் வரும் வரை நாலு தடவை அலசினார். வெடித்த ரப்பர் குழாயை மாற்றினார். பிடித்து வைத்திருந்த மழைத்தண்ணீர் பாதி, டின்னிலிருந்த பச்சை நிற மருந்து பாதி கலந்து நிரப்பினார்.

செவ்வாய்க்கிழமை கிணறு வந்தது. கிருஷ்ணப்பன் குடத்தோடு எழுந்தார். ஒரு பொட்டு ஆவி இல்லாமல் கார் அவரைத் தாண்டிப் போயிற்று. நாலு வாரம் அப்படியே போயிற்று. அந்த நாலு வாரமும் ஞானராஜ் வீட்டிலிருந்து சுரைக்குடுவையில் தண்ணீர் கொண்டுபோய்த் தன் கையால் எடுத்துக் குடித்தார்.

ஐந்தாவது வாரம் கிருஷ்ணப்பன் ரோட்டின் நடுவில் வந்து நின்றார்.

"ஏம் மச்சான், எங்க கெணத்துத் தண்ணி உங்களுக்குக் கசந்து போச்சா?"

முதலாளி கூச்சத்தோடு இறங்கினார். டிரைவர் என்னவோ மருந்து ஊற்றியிருக்கிறான், அதனால் கார் நிற்பதில்லை என்று சிரித்து மழுப்பப் பார்த்தார். கிருஷ்ணப்பன் சிரிக்கவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி வந்தார். ஞானராஜ் மூடியின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

"வேணாங்கய்யா, ரொம்பித்தான் இருக்குது. இந்தத் தண்ணியில உப்பு சாஸ்திங்க, மருந்து கெட்டுப் போயிரும்."

உப்பைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் தண்ணீர் வேண்டாம் என்று மறுக்கும் உரிமை தங்களுக்கு மட்டுமே உண்டு என்று அந்தக் கிணற்றடி நம்பியிருந்தது.

"என்ன மச்சான், நாங்க ஊத்தற தண்ணிய உங்க ஆளு வேணாங்கறான். நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க."

மண்டிக்கு வரும் புளியில் பாதி அந்த ஊர் மரங்களில் காய்த்தது. நஞ்சப்பன் அதிக நேரம் யோசிக்கவில்லை.

"தொறந்து வுடுறா."

"மொதலாளி, பெங்களூர்ல தேடி..."

"தொறந்து வுடுன்னேன்."

ஞானராஜ் காருக்கடியில் படுத்துத் திருகைத் திறந்தார். பிடித்து வைக்க ஒரு பழைய சட்டி கொடுங்கள், இனிப்பான விஷம், மாடு நக்கினால் செத்துப் போகும் என்று கெஞ்சினார். அவர் தொட்ட சட்டியைத் திரும்ப வாங்க முடியாது, அதனால் யாரும் கொடுக்கவில்லை. மண்ணில் பிடித்துக்கொள் என்று ஒருவன் சொன்னதற்கு மற்றவர்கள் சிரித்தார்கள். பச்சை நிற மருந்துத் தண்ணீர் மாட்டுத் தொட்டியின் பக்கம் ஓடியது. அவர் மண்டி போட்டு, இரண்டு கையாலும் மண்ணை வாரி அணைபோட்டார். யாருடைய மாடுகளுக்காக என்று அவர் நினைக்கவில்லை. நகக்கண்ணில் ரத்தம் வர மண்ணை அள்ளி மூடிக்கொண்டே இருந்தார்.

சூடான எஞ்சினில் குளிர்ந்த கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் வெடிப்பு விழும். கொஞ்சம் ஆறட்டும் என்று சொல்ல வாயெடுத்தவர் முதலாளியின் முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டார். கிருஷ்ணப்பன் மூன்று குடம் ஊற்றினார். வழிந்து ஓடியும் நிறுத்தவில்லை.

கணவாயின் இரண்டாவது வளைவில் கார் புகைந்து நின்றது. இரண்டு மைலாக எஞ்சினில் விழுந்த வெடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டிச் சீறியதை ஞானராஜ் காதால் கேட்டுக்கொண்டேதான் வந்தார். முதலாளி துண்டால் விசிறியபடி காரில் கிடந்த காலி டின்னை நீட்டினார்.

"போய்க் கொண்டா."

நாலு மைல் திரும்பி நடந்தார். உச்சி வெயில். கிணற்றடியில் ஒருவரும் இல்லை, எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். ராட்டினத்தில் கயிறு தொங்கியது. வாளி சுவரின்மேல் ஈரத்தோடு இருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

ஞானராஜ் டின்னைக் கீழே வைத்து, எதிர்ப்பக்கப் புளியமரத்தின் அடியில் உட்கார்ந்தார். யாராவது வந்து ஊற்றும் வரை காத்திருந்தார்.