மோட்டாருக்கு ஓர் இடம்

பத்து வயதில் நான் இருபத்து நான்கு கிலோ இருந்தேன். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும். ஷிண்டே காகா தன் படகுக்காக வாங்கி வைத்திருந்த பழைய மோட்டாரும் கிட்டத்தட்ட அதே எடை என்பதுதான் காரணம். படகில் அதை எங்கே பொருத்துவது என்று முடிவாகும்வரை மோட்டாரைத் தூக்கித் தூக்கி மாட்டிக் கழற்ற யாருக்கும் இடுப்பில் தெம்பில்லை. அதனால் முதலில் என்னை உட்காரவைத்துப் பார்ப்பது என்று தீர்மானித்தார்கள். நானாகவே ஏறுவேன், நானாகவே இறங்குவேன். தவறி விழுந்தாலும், மிதவைச் சட்டை போட்டிருந்ததால் மூழ்க மாட்டேன். மோட்டாருக்கு இந்த நல்ல குணங்கள் எதுவும் கிடையாது.

நாங்கள் அப்போது புனேவில் கசார்வாடியில் குடியிருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டுக்கு ஒரு பக்கம் ரயில் பாதை, மறுபக்கம் பழைய மும்பை சாலை, இரண்டுக்கும் நடுவே வரிசையாகப் பட்டறைகள். அம்மாவுக்கு வங்கியில் வேலை. காலை லோக்கல் ரயிலைப் பிடித்து சிவாஜிநகருக்குப் போவாள். அப்பா ஒரு தொழிற்சாலையில் கருவிகள் செய்யும் பிரிவில் இருந்தார். அந்த வருடம் மழை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் தொழிற்சாலையின் வாசலை இழுத்துப் பூட்டிவிட்டார்கள். கம்பெனிக்கு லீவு என்றுதான் எனக்குச் சொன்னார்கள். இவ்வளவு நீளமான லீவு கிடைத்த அப்பா எங்கள் வகுப்பில் எனக்கு மட்டும்தான். நான் அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அப்பா மட்டும் லீவில் இருப்பவர் போல நடந்துகொள்ளவில்லை. ஏழு மணிக்குக் குளித்துச் சட்டை போட்டுக்கொள்வார். அம்மாவிடம் டிபன் பெட்டியைக் கேட்டு வாங்கிக்கொள்வார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்து ரயில்களைப் பார்ப்பார். பன்னிரண்டரைக்கு, தொழிற்சாலையில் சாப்பாட்டுச் சங்கு ஊதும் நேரத்துக்கு, அதே நாற்காலியில் டிபன் பெட்டியைத் திறந்து சாப்பிடுவார். கொஞ்ச நாளில் சட்டை போடுவதை விட்டார். அப்புறம் குளிப்பதையும். அம்மா வங்கியிலிருந்து பதினோரு மணிக்கு ஒரு தடவை, மூன்று மணிக்கு ஒரு தடவை பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து அப்பாவைக் கூப்பிடச் சொல்வாள். பால் வந்ததா என்று கேட்பாள். பால் காலை ஆறு மணிக்கே வந்துவிடும்.

கணபதி விசர்ஜனம் முடிந்த வாரத்தில்தான் ஷிண்டே காகா வந்தார். எங்கள் தெருக்கோடியில் லேத்துப் பட்டறை வைத்திருந்தவர், அப்பாவின் சினேகிதர். காகா என்றால் மராத்தியில் சித்தப்பா. மும்பை வக்கீல் ஒருவர் பவனா அணைத் தேக்கத்தில் ஓட்டிக்கொண்டிருந்த பாய்மரப் படகை அவர் வாங்கிவிட்டிருந்தார். இரண்டு ஒல்லியான நீள மிதவைகள், அவற்றை முன்னும் பின்னும் சேர்க்கிற இரண்டு அலுமினியக் குழாய்கள், நடுவில் கட்டில் போல இழுத்துக் கட்டிய வலைத்துணி, ஒரு பாய்மரம். அவ்வளவுதான் படகு. அந்தப் பள்ளத்தாக்கில் சாயங்காலமானால் காற்று சட்டென்று நின்றுவிடுமாம். நடுத்தண்ணீரில் மூன்று தடவை மாட்டிக்கொண்ட வக்கீல், நான்காவது தடவைக்குக் காத்திராமல் விற்றுவிட்டார். ஷிண்டே காகாவுக்கு மனைவி மக்களை ஞாயிற்றுக்கிழமைகளில் படகில் கூட்டிப்போக ஆசை. ஆகவே ஒரு மோட்டாரையும் வாங்கினார். எங்கே மாட்டுவது என்பதைத்தான் யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

இதற்கு அப்பாவிடம் ஏன் வந்தார் என்பது வேடிக்கை. இந்த மாதிரிப் படகுக்கு ஆங்கிலத்தில் சொல்கிற பெயர் தமிழிலிருந்து போனது, நம் கட்டுமரம்தான் அது என்று வக்கீல் அவருக்குச் சொல்லியிருந்தார்.

"அண்ணா, நாம் தும்ஹாரா ஹை, தோ காம் பீ தும்ஹாரா" என்றார். பெயர் உங்களுடையது, அப்படியானால் வேலையும் உங்களுடையது.

அப்பாவுக்குச் சொந்த ஊர் கரூர். கடலை அவர் பார்த்ததே கல்யாணத்துக்குப் பிறகு சென்னைக்குப் போனபோதுதான். நீச்சல் தெரியாது. நான் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. "போய்ப் பாருங்களேன்" என்று மட்டும் சொன்னாள். மறுநாள் அப்பா ஏழு மணிக்குக் குளித்தார்.

முதலில் இடது மிதவையின் பின்முனை. மாட்டுவதற்கு வாகாகச் சப்பையான இடம் அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கசார்வாடியில் லோக்கல் ஏறி காம்ஷேட்டில் இறங்கி, அங்கிருந்து எஸ்.டி. பேருந்தில் தேக்கத்துக்குப் போனோம். ஷிண்டே காகா மோட்டாரையும் சாமான்களையும் தன் டெம்போவில் கொண்டுவந்திருந்தார். முழங்கால் தண்ணீரில் படகை நிறுத்தி, இடது பின்முனையில் அடித்திருந்த பலகையில் என்னை உட்காரவைத்தார்கள். என் பக்கத்து வால் தண்ணீரில் அமிழ்ந்தது, எதிர்ப்பக்கத்து மூக்கு வானத்தைப் பார்த்தது. கரையில் நின்ற அம்மா, ஒரு தோளில் மட்டும் மூட்டையைத் தூக்கிய ஆள் மாதிரி இருக்கிறது என்றாள். அப்பாவுக்கு நம்பிக்கை விடவில்லை. என்னை இறக்கி மோட்டாரை மாட்டி ஓட்டினார். ஒரு பக்கத்திலிருந்து மட்டும் தள்ளினால் படகு என்ன செய்யும்? வலப்பக்கமாக வளைந்து வளைந்து, கோயிலைச் சுற்றுகிற மாதிரி எங்களையே சுற்றியது. ஷிண்டே காகா கைதட்டினார். அன்றைக்கு அவர் அம்மாவுக்கு ஒரு பதவி கொடுத்தார்.

"வஹினி பாஸ் பண்ணினால்தான் பாஸ்" என்றார் இந்தியில். வஹினி என்றால் அண்ணி. வங்கியில் மற்றவர்கள் எழுதியதைச் சரிபார்ப்பதுதான் அம்மாவின் வேலை என்பது அவருக்குத் தெரியும்.

அடுத்தது பின் குழாயின் நட்ட நடு. உட்கார்ந்து பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே அளவு அமிழ்ந்தது. இதுதான் இடம் என்று எல்லோரும் சொன்னோம். ஆனால் இரண்டு மிதவைகளுக்கும் பின்னால் ஒவ்வொரு சுக்கான், இரண்டையும் சேர்த்துத் திருப்புவதற்குக் குறுக்கே ஒரு கம்பி. அந்தக் கம்பி போய் மோட்டாரின் தலையில் இடித்தது. அப்பா பட்டறையில் ஐந்து நாள் உட்கார்ந்து, கம்பியை மோட்டாருக்கு ஒதுங்கி வளைகிற மாதிரி செய்தார். கறுத்த விரல்களோடு வீட்டுக்கு வந்து என்னிடம் வரைந்து காட்டினார்.

அந்த ஞாயிறு அம்மா கரையில் நின்றுகொள்ள, அப்பா, ஷிண்டே காகா, நான் மூவரும் படகில் போனோம். நடுத்தேக்கம் வரை பாய் இழுத்துக்கொண்டு போனது. பிறகு மலை இடுக்கிலிருந்து காற்று திமுதிமுவென்று இறங்கியது. பாயை இறக்கிவிட்டு மோட்டாரைப் போட்டார்கள். அலை ஒவ்வொன்றும் படகின் பின்பக்கத்தை உயரத் தூக்கியது. தூக்கியபோதெல்லாம் மோட்டாரின் விசிறி தண்ணீரை விட்டு மேலே வந்து காற்றில் அலறியது. அந்தச் சத்தம் இன்றும் எனக்குப் பல்லைக் கூசவைக்கும். பத்து நிமிடம் அலறிவிட்டு மோட்டார் நின்றுபோனது. அப்பா கயிற்றை இழுத்து இழுத்துப் பார்த்தார், கிளம்பவில்லை. நாங்கள் அலை போன பக்கம் போனோம். ஷிண்டே காகா விட்டல், விட்டல் என்று தன் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். அப்பா ஒரு கையால் என் மிதவைச் சட்டையின் வாரைப் பிடித்துக்கொண்டு, மறுகையில் ஒரு பலகைத் துண்டால் தண்ணீரைத் தள்ளினார். நான் அழவில்லை என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுதேன்.

இரண்டு மணி நேரம் கழித்து வேறெங்கோ ஒரு பாறைக் கரையில் முட்டினோம். அங்கே அம்மா நின்றுகொண்டிருந்தாள். நாங்கள் ஒதுங்கிய திசையிலேயே கரையோடு முள்ளிலும் சேற்றிலும் நடந்து வந்திருக்கிறாள். செருப்பு கையில். புடவை முழங்கால் வரை சேறு. தன் முந்தானையால் என் தலையைத் துவட்டினாள். இனிமேல் படகுப் பேச்சே கூடாது என்று சொல்லப்போகிறாள் என்று காத்திருந்தேன். அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்தார் போல. தலையைக் குனிந்து நின்றார்.

"அந்த இடம் சரியில்லீங்க" என்றாள் அம்மா. "வேற இடம் பாருங்க."

திரும்பும்போது பேருந்தில் கடைசி வரிசைதான் கிடைத்தது. குழி ஒவ்வொன்றுக்கும் நான் கூரையைத் தொட்டுவிட்டு வந்தேன். வழியில் யாரோ இறங்கவும், அம்மா என்னை நடு இருக்கைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள். குலுக்கல் பாதியாகிவிட்டது. கடைசி வரிசையிலிருந்து அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த குழியில் அவர் எகிறினார், நான் எகிறவில்லை. அதற்கடுத்த குழியிலும் அப்படியே. அப்பா அங்கிருந்தே சத்தமாகச் சிரித்தார். அந்த வருடத்தில் அவர் சிரித்து நான் அப்போதுதான் கேட்டேன். மற்ற பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

படகின் வாலில் மாட்டினால்தானே அலை தூக்கும்? நடுவுக்குக் கொண்டுபோனால்? மறுநாளே வேலை தொடங்கியது. பின் குழாய்க்கு இரண்டடி முன்னால் குறுக்கே இன்னொரு குழாய் போட்டார். வலைத்துணியில் ஒரு சதுரம் வெட்டி, ஓரத்தை அம்மாவிடம் கொடுத்துத் தைத்து வாங்கினார். புதுக் குழாயில் ஒரு பலகையைக் கீல் வைத்து மாட்டி, பலகையின் மறுமுனையில் மோட்டார். வேண்டும்போது அது இரண்டு மிதவைகளுக்கும் நடுவே தண்ணீரில் இறங்கும். பாய் விரித்துப் போகும்போது கயிற்றை இழுத்தால் மேலே வந்துவிடும். சுக்கான் கம்பியில் இடிக்காது. தீபாவளிக்குப் பிந்தைய ஞாயிறு, அப்பாவும் ஷிண்டே காகாவும் கரையை ஒட்டியே ஓட்டிப் பார்த்தார்கள். படகு நேர்கோட்டில் போனது. அலையில் ஏறி இறங்கியும் விசிறி தண்ணீரை விடவில்லை. ஷிண்டே காகா அப்பாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அம்மா கரையிலிருந்து தண்ணீரில் இறங்கி வந்து, பலகையைக் கையால் அசைத்துப் பார்த்தாள்.

"இது ஆடுதுங்க."

அப்பா கீலை மாற்றினார். இரண்டு பக்கமும் ரப்பர் வைத்தார். அடுத்த வாரம் ஆடவில்லை. அம்மா கயிறு வழுக்குகிறது என்றாள். அப்பா கயிற்றுக்குப் பல் வைத்த பிடி ஒன்றைத் தன் கையாலேயே அறுத்துச் செய்தார். அதற்கடுத்த வாரம் மோட்டாரின் அதிர்வு குழாயில் தெரிகிறது என்றாள். அப்புறம் பெட்ரோல் மூடி. ஒவ்வொரு ஞாயிறு மாலையும் அம்மா ஒரு குறை சொல்வாள். ஒவ்வொரு திங்கள் காலையும் அப்பா எட்டு மணிக்கெல்லாம் டிபன் பெட்டியோடு பட்டறைக்குக் கிளம்பிவிடுவார். அலுத்துக்கொண்டதே இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தத் தடவை பாஸ் வாங்காமல் விடுவதில்லை என்பார். மற்றப் பட்டறைக்காரர்களும் அவரிடம் சின்னச் சின்ன வேலைகளைக் காட்டி யோசனை கேட்க ஆரம்பித்திருந்தார்கள்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அம்மா பாஸ் பண்ணும்வரை மோட்டார் ஓடும் படகில் நான் ஏறக்கூடாது என்பது உத்தரவு. பலகை ஆடவில்லை என்பது எனக்குத் தெரியும், கை வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை, அம்மா சமையலறையில் அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது போய் நின்று, நீ ஒரு பயந்தாங்கொள்ளி, உன்னால்தான் அப்பா இவ்வளவு கஷ்டப்படுகிறார் என்று கத்திவிட்டேன். அடி விழும் என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தும் நின்றேன்.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "ஆமா கண்ணு, பயந்தான்" என்றாள்.

பொங்கல் கழிந்து ஒரு வியாழக்கிழமை, போசரியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து அப்பாவுக்குக் கடிதம் வந்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். அப்பாவின் லீவு முடிந்துபோனதில் எனக்கு வருத்தம். வெள்ளியும் சனியும் அவர் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவதிலும் பழைய சான்றிதழ்களைத் தேடுவதிலும் போயின. பட்டறைப் பக்கமே போகவில்லை. அந்த வாரத்துக் குறை என்னவோ, அது அப்படியேதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை தேக்கத்தில் அம்மா யாரும் கூப்பிடுவதற்கு முன்னால் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். வலைத்துணியில் ஏறி, மோட்டாருக்குப் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். "போலாமுங்க" என்றாள். என்னையும் கை நீட்டி ஏற்றிக்கொண்டாள். ஷிண்டே காகா கரையில் வாயைப் பிளந்து நின்றார்.

அக்கரை வரை பாயிலேயே போனோம். திரும்பும்போது, வக்கீல் சொன்னது போலவே, வெயில் சாயத் தொடங்கியதும் காற்று நின்றுபோனது. அப்பா கயிற்றை விட்டார். பலகை இறங்கியது. மோட்டார் இரண்டாவது இழுப்பிலேயே கிளம்பியது. படகு அசங்காமல் நேராகப் போனது. அப்பா சுக்கானைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முதுகைக் காட்டாமல், முகத்தைக் காட்டாமல், பக்கவாட்டில் மலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அம்மா அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். பலகைப் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இப்ப ஆடலையாம்மா?" என்று கேட்டேன்.

"எது கண்ணு?" என்றாள் அம்மா.

இத்தனை வாரம் எங்களைப் பாடாய்ப் படுத்திவிட்டு, எது என்று கேட்கிறாளே என்று எனக்கு ஒரே எரிச்சலாக வந்தது. கரை வந்து சேரும்வரை நான் அவளோடு பேசவில்லை.