லியோனின் மாப்பிள்ளையும் மாமனாரும்

கண்டி கொட்டுகொடல்ல வீதி மாடியில் ப்ரொஜெக்டர் வாடகைக்கு விட்ட லியோனிடம் இருந்தவை இரண்டு பழைய மெசின்களும் ஒரு பெரிய வாயும்தான்.

வெளிச்சமாய் அடிக்கும் மெசினுக்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தான். பட்டப்பகலிலும் சுவர் பளபளக்கும். ஆனால் முகங்கள் கட்டம் கட்டமாய்ச் சிதறும். அரை மணித்தியாலத்தில் சூடேறி, சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். மங்கல் மெசின் மாமனார். அறையை இருட்டாக்கினால்தான் வாய் திறப்பார். திறந்தாலோ, கலியாணப் பெண்ணின் மூக்குத்தியில் எத்தனை கல் என்று எண்ணிவிடலாம். ஆறு வருடத்தில் ஒரு நாள்கூட அவர் காலை வாரியதில்லை.

"கூட்டத்துக்குப் படம் காட்டணுமா, மாப்பிள்ளைய எடுங்க. உள்ளத உள்ளபடி பார்க்கணுமா, மாமனார எடுங்க. அவருக்குப் பொய் சொல்லத் தெரியாது" என்பான். பிறகு குரலை உயர்த்துவான்: "முடிஞ்சதும் வயரப் புடுங்கிறாதீங்க! காத்தாடி சுத்தி நிக்கட்டும். சூட்டோட புடுங்கி மறுபடி சொருகினா லேம்ப் செத்துரும். அப்புறம் நான் கிட்னிய விக்கணும்."

கிரிக்கெட் பார்க்க வாடகைக்கு எடுக்கும் பையன்கள் சிரிப்பார்கள். 2008 மார்ச்சில் பன்வில தோட்டத்திலிருந்து வந்த மதலேனா சிரிக்கவில்லை.

கொழுந்து பறிக்கிற கை. யுத்த காலம். வழியில் இரண்டு இடத்தில் ஆமிக்காரர்கள் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கிச் சோதித்திருந்தார்கள். ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு சீடியை எடுத்து நீட்டினாள். கொழும்பில் கடை வேலை பார்த்த மகன் டக்ளஸை லொட்ஜில் வைத்துப் பிடித்துப்போய் பதினொரு மாதம். எந்தப் பொலிஸில் கேட்டாலும் அப்படியொரு ஆளே இல்லை என்றார்கள். சீடி, தடுப்பு முகாமொன்றில் கிறிஸ்மஸுக்கு நத்தார் பூசை நடந்தபோது மாதா கோயில்காரர்கள் எடுத்தது.

"மூணாவது வரிசைல ஒருத்தன் இருக்கான் தம்பி. அவன் மாதிரியே இருக்கு. டிவில மொகம் கடலை அளவுக்குத்தான் தெரியிது. ஒங்க மெசின்ல செவரு அளவுக்குப் பெருசாக்கினா தெரிஞ்சிரும்ல?"

படம் பெரிதானால் ஆள் கிட்ட வந்துவிட மாட்டான் என்று சொல்ல வந்தவன், அவள் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். லியோன் வாயை மூடியதை அந்த வீதி அதற்குமுன் கண்டதில்லை.

"அடையாளம் ஏதாவது இருக்காம்மா?"

"எடது கை சுண்டுவெரல் இல்ல. தேயிலை ஸ்டோருல ரோலர் கடிச்சிருச்சு."

"வெச்சுட்டுப் போங்க. வியாழக்கிழமை வாங்க."

புதன்கிழமை ஜன்னலுக்குக் கம்பளி கட்டி, மாமனாரைப் போட்டுப் பார்த்தான். மூன்றாவது வரிசைப் பையன் பாட்டுக்குக் கை தட்டினான். லியோன் படத்தை நிறுத்தி விரல்களை எண்ணினான். பத்து விரல். நாலு தடவை எண்ணினான். பத்துதான்.

"ஒரே ஒரு தடவ பொய் சொன்னா கொறஞ்சா போயிருவீங்க?" என்று மெசினைப் பார்த்துத் திட்டினான்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையை எடுத்து வைத்து, பூசையை முதலிலிருந்து ஓட்டி, மதலேனா காட்டிய இடத்தில் நிறுத்தினான். சுவர் முழுக்க ஒரு முகமும் தட்டும் கைகளும் வெள்ளையும் கறுப்புமாய்ச் சிதறி நின்றன. மதலேனா கிட்டப் போய் அந்தக் கன்னத்தில் கை வைத்தாள். அவள் நிழல் விழுந்து முகம் மறைந்தது. பின்னாலே பின்னாலே நடந்து, கதவோரம் போய் நின்றாள். வெளிச்சத்தில் கண் கூசுகிறதாக்கும் என்று லியோன் நினைத்தான்.

"அவன்தானேம்மா?" என்றான் அவசரமாக.

அவள் பதில் சொல்வதற்குள் மாப்பிள்ளை சூடேறி அணைந்தது.

"அந்த மங்கல் மெசின்லயும் ஒருக்கா போடுங்க தம்பி. அதுக்குத்தான் பொய் சொல்லத் தெரியாதுன்னீங்க."

தன் வாயைத் தானே சபித்துக்கொண்டு, ஜன்னலுக்கு மறுபடி கம்பளி கட்டி மாமனாரைப் போட்டான். லென்ஸ் மூடியைக் கழற்றாமல் பஸ், மழை என்று எதையெதையோ பேசினான். மெசின் சூடானதும் தற்செயல் போல வயரைக் காலால் இழுத்தான். உடனே மறுபடி சொருகினான். உள்ளே "டப்" என்று வெடித்தது. கருகிய வாடை வந்தது.

"லேம்ப் போயிருச்சும்மா. ஆனா பரவாயில்ல, மாப்பிள்ளைல பார்த்தமே, அவன்தான்..."

"இல்ல தம்பி. வெரல எண்ணிட்டேன்" என்றாள். "தூரத்துல நின்னு பார்த்தா அந்தக் கட்டமெல்லாம் சேந்து நல்லாத்தான் தெரிஞ்சிச்சு."

லியோன் இருட்டிலேயே நின்றான். "அப்புறம் ஏம்மா இந்த மெசின்லயும் போடச் சொன்னீங்க?"

"அந்தப் புள்ள மொகத்த ஒங்க போன்ல தெளிவா படம் புடிச்சுக்கலாம்னுதான். அவனயும் ஒருத்தி தேடிக்கிட்டுத்தானே இருப்பா? கோயிலுக்குக் கோயில் கொண்டுபோய்க் காட்டலாம்."



மாப்பிள்ளை ஆற இருபது நிமிடமாயிற்று.  மறுபடி முகம் சுவரில் விழுந்ததும் லியோன் போனை எடுத்துக்கொண்டு பின்னால் நடந்தான். கதவோரத்தில் நின்று பார்த்தான். போனில் கட்டங்கள் தெரிந்தன. கதவைத் தாண்டி மாடிப்படிக்குப் போனான். அங்கிருந்து எடுத்தான், கட்டங்கள் சேர்ந்துவிட்டன.

கொண்டுவந்து காட்டினான். போன் திரையில் அந்த முகம் மறுபடியும் கடலை அளவுக்குத்தான் இருந்தது.